கூட ஒரு டாலர்

— அந்த ஒரு டாலரு எதுக்குடா கார்த்தி? அத மட்டும் சொல்லு. பத்து லட்சம் அனுப்பின, சரி. மேல ஒண்ணு எதுக்கு?

— காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம் மாமா. சிதம்பரத்துலேருந்து நின்னுக்கிட்டே வந்துருக்கேன். பஸ்ல கால் வைக்க எடமில்ல.

— காப்பி எங்கயும் ஓடிப்போவாது. ஒம்பது மணிக்கு இங்க கரண்ட் போயிடும். ஒம்பதரைக்கு அமெரிக்காவுல கெடு முடியுது. அதுக்குள்ள நீ லெட்டர் எழுதணும். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வரச்சொன்னேன்.

— சொந்தமா பிரவுசிங் சென்டர் வச்சிருக்கறவன, கடலூருக்கு வந்து லெட்டர் எழுதுன்னா எப்படி மாமா? போன்ல சொல்லிருந்தா அங்கேருந்தே அனுப்பிருப்பேன்.

— போன்லயா? போன்ல நீ என்னிக்கு ஒழுங்கா பதில் சொல்லிருக்க? டீமப் பத்தி எது கேட்டாலும், 'இருங்க மாமா, அப்பறம் கூப்புடறேன்'னு வச்சிடுவ. எங்கண்ணு முன்னாடி ஒக்காந்து எழுது. அருளு, ஒந்தம்பிக்கு காப்பி குடுத்தியா இல்லியா?

— குடுத்துட்டேங்க. கார்த்தி, சக்கர பத்துதா?

— போதும்க்கா.

— அவனுக்கு எல்லாம் பத்தும். எனக்குத்தான் பத்தல. இந்தா, பிராட்லி எழுதினத படிக்கறேன், கேளு. 'சீசன் முடிவுல தில்லை டைகர்ஸ் டீம்லேருந்து கடலூர் சில்வர் பீச் டீமுக்கு பத்து லட்சத்து ஒரு டாலர் போயிருக்கு. பதிலுக்கு ஒரு ஆட்டக்காரன்கூட கை மாறல. லீக் தலைவர்ங்கற மொறையில ரெண்டு ஓனரையும் விளக்கம் கேக்கறேன். விளக்கம் சரியில்லன்னா ரெண்டு டீமையும் எடுத்துடுவோம்.' தில்லை டைகர்ஸ் யாரு? நீ. சில்வர் பீச் யாரு? நான். மீதி பதினெட்டு டீமும் வெள்ளக்காரன். அத்தன பேரு முன்னாடி மாமனும் மச்சானும் கூட்டுக்களவாணின்னு நிக்கறோம்.

— இன்டர்நெட் ஆட்டத்துல வர்ற கம்ப்யூட்டர் காசுதான மாமா. அங்க டாலரும் கெடையாது, ஸ்டேடியமும் கெடையாது. பேஸ்பால நம்ம ரெண்டு பேருமே நேர்ல பாத்ததில்ல.

— கம்ப்யூட்டர் காசுன்னா கணக்கு இல்லாம பூடுமா? கணக்குன்னா கணக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல பதினோரு வருஷமா குப்ப கொட்டறேன். அம்பது பைசா ஒதைச்சாலும் எனக்குத் தூக்கம் வராது. ரெண்டாயிரத்து ஆறுல, கடைசி எடத்துல கெடந்த டீம எடுத்தேன். ஒரு தடவ கடன் வாங்கினது கெடையாது. வரவுக்கு மேல ஒரு ஆட்டக்காரனுக்கும் சம்பளம் பேசினது கெடையாது. மூணே வருஷம், கப்பு. அந்த டீம பறிகுடுத்துட்டு நான் என்னா பண்றது?

— என் டீமும்தான் போவுது.

— ஒன் டீமா? ஓட்டாண்டி டீமு. நல்லா ஆடற டீமெல்லாம் டிக்கெட் வசூல்ல நூத்துக்கு முப்பது பொதுவுல போடணும்னு ரூலு. அத எளச்ச டீமுக்கெல்லாம் பிரிச்சிக் குடுப்பாங்க, ஆளு வாங்கி நிமிந்துக்கட்டும்னு. அப்படி மூணு வருஷமா வாங்கித் தின்ன காசுலதான ஒன் டீமு ஓடுது. அத வச்சி நாலு நல்ல ஆளப் புடிக்காம, திருப்பி எனக்கே அனுப்புன்னு எவன் சொன்னான்?

— வந்த காசத் திருப்பிக் குடுத்தேன். அது ஒரு குத்தமா?

— எங்கிட்டேருந்து வாங்கினாத்தான எங்கிட்ட திருப்பறதுக்கு? அது லீக்கு பிரிக்கறது. இதுல என் காசு எங்க வந்துது?

— அப்ப கண்ட எடத்துல, 'எங்காசுலதான் மச்சான் டீமு ஓடுது'ன்னு ஏன் மாமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க? மஞ்சக்குப்பத்துல டீக்கடக்காரன்கூட கேக்கறான்.

— வேடிக்கையா சொன்னது.

— யாருக்கு வேடிக்கை?

— பேச்ச மாத்தாத. அந்தப் பத்து லட்சத்த நீ எனக்கு அனுப்பினது, என்னய மாட்டிவுடத்தான? நான் கப்பு அடிச்சது ஒனக்குப் பொறுக்கல.

— மாட்டிவுடறவன் பத்து லட்சத்த வச்சிக்கிட்டு பத்து டாலர் அனுப்பிருப்பான். சரி, காசு வந்தப்ப நீங்க என்னா பண்ணீங்க? அம்பது பைசா ஒதைச்சா தூங்காதவரு, பத்து லட்சம் வந்து வுழுந்தப்ப நல்லாத் தூங்கிட்டீங்களா?

— பொதுப்பணத்துல மிச்சம் திரும்பி வந்துதுன்னு நெனச்சேன்.

— ஒரு டாலரோடயா?

— டேய்.

— அந்தக் காசுலதான ஒருத்தன வாங்கினீங்க, பந்து போடறவன், அவன் பேரு என்னா, ஹாலி, ஹாலோ...

— ஹாலோவே. ரெண்டு வருஷத்துக்கு இருவத்திநாலு லட்சம். எடது கை. கார்த்தி, தோச போதுமா, இன்னொண்ணு ஊத்தட்டுமா?

— ஒனக்கு எப்படி அருளு அவன் சம்பளம் தெரியும்?

— தூக்கத்துலயும் அதத்தான சொல்றீங்க.

— நீ உள்ள போ. இது எங்க ரெண்டு பேரு விஷயம். கார்த்தி, கடைசியா கேக்கறேன். என்னா நெனப்புல அனுப்பின?

— மொய்.

— என்னாது?

— மொய் மாமா. சில்வர் பீச்சு புது ஸ்டேடியம் கட்டித் தொறந்துதுல்ல? விசேஷம். எங்களுக்கு வந்தத எழுதி வச்சி, திருப்பிச் செஞ்சாச்சி. வேற என்னா.

— பேஸ்பால்ல மொய்யா? பிராட்லிகிட்ட நான் இத என்னான்னுடா சொல்லுவேன்? மொய்ன்னா அவனுக்குத் தெரியுமா? பதினெட்டு டீமும் முழுசு முழுசா அனுப்புது, வாங்குது. ஒங்கணக்குல மட்டும் வாலு மாதிரி ஒரு டாலர் தொங்கிச்சி. அத வச்சிதான் அவன் கண்டே புடிச்சான். 'இந்த ஒரு டாலருக்கு என்ன அர்த்தம்'னு தனியா ஒரு கேள்வி போட்டுருக்கான்.

— அர்த்தம் ஒங்களுக்குத் தெரியும் மாமா. தை மாசம் இதே வீட்டுல புதுமனை புகுவிழா. நான் ஐநூத்தி ஒண்ணு எழுதினேன்.

— அதுக்கு இப்ப என்னா?

— என் சென்டர் தொறந்தப்ப நீங்க அஞ்சாயிரத்து ஒண்ணு வச்சீங்க. எனக்கு மறக்கல. தெனம் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னு கரண்ட்ட புடுங்கிட்டா பிரவுசிங் சென்டர்ல எவன் வருவான்? எங்கிட்ட இருந்தது ஐநூறு. ஒரு ரூபாய பஸ்ஸு சில்லறையிலேருந்து எடுத்து வச்சேன். நீங்க மொய் நோட்ட வாங்கி, மைக்கப் புடிச்சி என்னா சொன்னீங்க?

— ஆபீஸ்காரங்க இருந்தாங்க, ஒரு கலகலப்புக்கு...

— 'மச்சான் மொய்யி எலக்காசுக்கே பத்தாது. பரவால்ல, அவரு டீமுக்கே நான்தான் படி அளக்கறேன்.' அதான சொன்னீங்க? எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா பந்தியிலேருந்து பாதி சாப்பாட்டுல எந்திரிச்சிட்டாங்க. அக்கா கையில சாம்பார் வாளியோட நின்னுச்சி.

— அதுக்குப் பழிக்குப் பழியா?

— பழி இல்ல. எங்க வீட்டுல வாங்கினா திருப்பிக் குடுத்துத்தான் பழக்கம். ஒனக்கு அது வெளங்காது.

— ஒனக்கா? நீயா? இன்னிவரைக்கும் நீங்கன்னு பேசினவன்.

— இன்னிவரைக்கும்தான்.

— சரிடா. ஒன் மரியாதைய நீயே வச்சிக்க. ஒக்காரு, டைப் அடி. 'பணத்த அனுப்பினது நான் மட்டும். சில்வர் பீச் ஓனருக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவருக்குத் தெரியாது.'

— தெரியாதுங்கறது பொய்.

— அடின்னா அடி. 'லீக் விதிய மீறினதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். தில்லை டைகர்ஸ விட்டு இன்னியோட வெலகிக்கறேன்.'

— வெலகறதா? என்னாங்க இது, மன்னிப்பு மட்டும் கேக்கச் சொல்றதாத்தான சொன்னீங்க?

— ஒருத்தன் போனாத்தான் அருளு இன்னொருத்தன் நிக்கலாம். எனக்கு ரூல் புக்கே மனப்பாடம்.

— டைகர்ஸ வுட முடியாதுங்க. அடுத்த வருஷம் பாருங்க, அந்த சின்னப் பசங்க நாலு பேரும் வெளையாட ஆரம்பிச்சா...

— எந்தச் சின்னப் பசங்க? இதுல ஒனக்கு என்னா தெரியும்? சும்மா இரு. டேய், எழுதறியா இல்லியா? எழுதலன்னா இனிமே இந்த வீட்டுப் படி மிதிக்காத.

— அந்தப் படியில பாதி என் சம்பளத்துல கட்டினதுங்க. மிதிக்கலாமா வேணாமான்னு எங்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க.

— ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா? எம்மேல என்னா தப்பு? இந்த டீமுக்காக நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா? ரெண்டு பேரும் தமிழ்நாடுன்னு பாத்துட்டு பிராட்லி மொதல்லயே கேட்டான், 'நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா'ன்னு. ஒரு வீட்டுக்கு ஒரு டீமுதான் அங்க ரூலு. மச்சான்தான், ஆனா வேற வீடு, வேற ஊருன்னு நானே எழுதிக் குடுத்துருக்கேன். அப்பேர்ப்பட்ட நேர்மையான ஆளு பேர நீங்க நாசம் பண்ணிட்டீங்க.

— மாமா, அந்தப் பேச்ச வுடுங்க. அக்கா, எழுதிடவா?

— மணி எட்டு அம்பது. எழுதித் தொல. லீக் வெப்சைட்டுல ஓனர் பக்கம் வழியாத்தான் அனுப்பணும். உள்ள போ. பாஸ்வேர்ட போடு.

— இருங்க மாமா.

— என்னாடா யோசன? போடு.

— எனக்குத் தெரியாது மாமா.

— என்னா தெரியாது?

— பாஸ்வேர்டு.

— ஒன் டீமு பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியாதா? யாரு காதுல பூ சுத்தற?

— நகரு கார்த்தி. இவரு கேக்கற கேள்விக்கெல்லாம் எத்தினி நாளைக்கி நீ பதில் சொல்லுவ. நான் போடறேன்.

— அருளு, நீ எதுக்கு கீபோர்ட தொடற?

— பாருங்க, தொறந்துடுச்சி. மேல ஓனர் பேரு போட்டுருக்கு, படிங்க.

— அருள்மொழி.

— நான் எம்சிஏ படிக்கும்போது ஆரம்பிச்ச டீமுங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஸ்கோரு ஓடிக்கிட்டு இருந்துது. 'யாரு ஆடறது'ன்னு கேட்டீங்க. பொண்ணு வெளிநாட்டு ஆம்பளைங்களோட சேந்து ஏதோ ஆடறான்னு தெரிஞ்சா நீங்க எந்திரிச்சிப் பூடுவீங்கன்னு அம்மா பயந்துட்டாங்க. 'எங்க கார்த்திதான்'னு சொல்லிட்டாங்க. நீங்களும் நம்பிட்டீங்க. அப்பறம் அவனப் பாத்துதான் நீங்களே சேந்தீங்க.

— அப்ப மூணு வருஷமா நான் போன்ல சண்ட போட்டது?

— அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் மாமா ஒங்களுக்குத் திரும்பப் போடுவேன். பேஸ்பால்ல ஒரு பக்கம் எத்தினி பேருன்னு கேட்டீங்கன்னா இப்பகூட எனக்குத் தெரியாது.

— காசு அனுப்பினது?

— நான். நீங்க மைக்குல பேசின அன்னைக்கே, பாத்திரமெல்லாம் கழுவி வச்சிட்டு ஒக்காந்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு ஆட்டக்காரன் பேர சேத்துப் போடணும்னு தெரியும். இருந்த கோவத்துல தோணல. மூணு வருஷமும் ஒங்க பக்கத்துலேருந்து எவ்ளோ வந்துதுன்னு கூட்டிப் பாத்தேன், பத்து லட்சம். கூட ஒண்ணு வைக்காம மொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல.

— பக்கத்துலயே படுத்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— சொல்லிருந்தா அதையும் மைக்குல சொல்லிருப்பீங்க.

— சரி, இப்ப அதப் பேச நேரமில்ல. அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. அருளு, நான் சொல்றத அடி. 'இதுல சில்வர் பீச் ஓனருக்கு...'

— காலையில அஞ்சு மணிக்கே எழுதி அனுப்பிட்டேங்க. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க. மொய்ன்னா என்னா, ஒண்ணு ஏன் வைக்கறோம், எல்லாம். நானும் நீங்களும் யாருன்னும் எழுதினேன்.

— பதில் வந்துதா? என்னா சொல்றான்? களவாணின்னுதான் சொல்றானா?

— இல்ல. களவாணித்தனம் இல்ல, இது ஒரு பழக்கம்னு புரிஞ்சிக்கிட்டாரு. அந்தப் புகார எடுத்துட்டாரு.

— அப்பாடா. கேட்டியாடா கார்த்தி? அப்ப என் டீமு தப்பிச்சிது.

— முழுசாப் படிச்சிடறேன், கேளுங்க. புருஷன் பொண்டாட்டின்னா ஒரே வீடாம், ஒரு வீட்டுக்கு ஒரு டீமுதானாம், ரெண்டுல எந்த ஓனரு மொதல்ல சேந்தாரோ அவரு டீமுதான் நிக்குமாம். ஒங்களுது ரெண்டாயிரத்து ஆறு, என்னுது ரெண்டாயிரத்து நாலு.