ஒட்டிய பக்கங்கள்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும், உத்திரமேரூரில் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வாத்தியாரும் அவர் பள்ளிக்கூடத்து லைப்ரரிக்காரரும்.

“ஆம்பள ஆம்பளய ஆசப்பட்ட கதையப் போயி கிளாஸ்ல படிச்சிக் காட்டினியாமே, இன்னா சார்?” என்றார் லைப்ரரிக்காரர்.

“நம்ம கையெழுத்துப் பத்திரிகைல ஒரு பையன் எழுதினதுதான? பசங்க படிக்கத்தான அத்த லைப்ரரில வெச்சிக்கீது?”

“எட்மாஸ்டர் சொன்னாருன்னு அந்தக் கதை இருந்த ரெண்டு பக்கத்தையும் பசை தடவி ஒட்டினேன். அதுலேர்ந்து மத்த பக்கத்த எவனும் தொடல. ஒட்டின பக்கத்து ஓரம் மட்டும் வெரல் பட்டுக் கருத்துப் போச்சி. வெயில்ல தூக்கிப் புடிச்சிப் படிச்சானுங்க, ஒரே பேஜாரு.”

“படிக்கட்டுமே.”

“இனிமே எங்க படிக்கிறது? நேத்து பிளேடால அறுத்து எட்மாஸ்டர் கையில குடுத்துட்டேன். கையெழுத்த வெச்சி ஆளப் புடிக்கப் போறாராம்.”

வாத்தியார் சிரித்தார். “பையன் மாட்ட மாட்டான். பசங்க குடுத்ததெல்லாம் நான்தான பத்திரிகைல அழகா எழுதினேன்? முழுக்க என் கையெழுத்துதான்.”

“தெரியும் சார். அத்தத்தான் எட்மாஸ்டர் கிட்டயும் சொன்னேன்.”

பஸ் வந்தது. லைப்ரரிக்காரர் முந்திக்கொண்டு ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வாத்தியாருக்கு இடம் பிடித்தார்.