தோலர்வாவ் பீரங்கி இரண்டு முறை வெடித்த விவரம்

என் பெயர் ஜுசப் மியாணா, தகப்பனார் பெயர் ஆமத், வயது சுமார் ஐம்பது. கத்தியவாரில் தோலர்வாவ் சமஸ்தானத்தில் கோட்டை வாசலை ஒட்டிக் குடியிருக்கிறேன். சமஸ்தானத்தில் இருக்கும் ஒரே பீரங்கிக்கு நான்தான் பீரங்கிக்காரன். எங்கள் தாக்கோர் சாகேப் ஆள்வது நாலே ஊர் என்பதால் மரியாதைக் குண்டு கிடையாது. ஆண் வாரிசு பிறந்தால் மட்டும் ஒரு வேட்டு போடலாம், மீறினால் பீரங்கி பறிமுதல் என்பது வெள்ளைக்கார ஏஜென்சியின் உத்தரவு. பீரங்கி போனால் என் பிழைப்பும் போகும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

சென்ற திங்கட்கிழமை காலை ராணியம்மாளுக்கு வலி கண்டது. முந்தைய மூன்று குழந்தைகளும் தங்காததால் அன்று கவலையில் ஊரில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வழக்கப்படி, பிறந்தது ஆண் என்றால் மருத்துவச்சி வெண்கலத் தட்டைத் தட்டுவாள், பெண் என்றால் முறத்தைத் தட்டுவாள். உச்சிவேளையில் வெண்கலத் தட்டின் சத்தம் கேட்டது. நான் திரியில் நெருப்பு வைத்தேன், பீரங்கி வெடித்தது.

அதன் பிறகு மருத்துவச்சி ஜீவி மூச்சிரைக்க ஓடி வந்து, "அட பாவி மனுசா, பொறந்தது பொண்ணுய்யா" என்றாள். பிறகு ஏன் தட்டைத் தட்டினாய் என்று கேட்டேன். "கொழந்த வீல்னு கத்துச்சு, தாயும் கண்ணத் தொறந்தாங்க. அந்தச் சந்தோசத்துல கைக்குக் கெடச்சதத் தட்டிட்டேன், இப்ப என்னங்கற?" என்றாள்.

அதன் பிறகு தாக்கோர் சாகேப் தலைப்பாகைகூட இல்லாமல் வந்தார். என் சீட்டு கிழிந்தது என்று நினைத்து, "பாபு, எசமானே, தப்பு நடந்துபோச்சு" என்றேன். அவர் என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்து, "எம் பொண்ணு பொழச்சுக்கிட்டா, ஜுசப்" என்று சொல்லிவிட்டு, கூடியிருந்த ஜனங்களுக்கும் தம் கையாலேயே வெல்லம் கொடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அதன் பிறகு ஜீவி இடுப்பில் கை வைத்து, "நீ போட்டது வராத பையனுக்கு. வந்த பொண்ணுக்கு என்னய்யா போட்ட?" என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது.

தவறுதலாக வெடித்தது என்று சொன்னால் பீரங்கி தப்பும் என்கிறார் இதை விசாரிக்கும் ஏஜென்சி அதிகாரி தாணாதார் ஐயா. நல்ல மனிதர். முதல் வேட்டுக்கு அப்படியே எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது வேட்டு, பெண் என்று தெரிந்து, யார் உத்தரவும் இல்லாமல், மருந்தைக் கூடுதலாகக் கெட்டித்து நானே போட்டது. அதில் தவறு ஏதும் இல்லை.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், நிஜம்தான்.

(ஒப்பம்) ஜுசப் மியாணா, இடது கைப் பெருவிரல் ரேகை