நீல விளக்கு எரிந்த இருபத்திரண்டு நிமிடம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். மூன்று நாளாகக் கீழ்வேளூர் ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் உட்காரச் சொன்னீர்கள். முதல் இரண்டு நாளும் ஒரே பதில்தான். "பாய், சம்சாரம் போன துக்கத்துல ஏதோ பேசுறீங்க. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. வீட்டுக்குப் போய்ப் படுங்க." உங்களுக்கு நல்ல மனசு, இளையபெருமாள் சார். ஆனால் தயவுசெய்து நான் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுங்கள். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

என் பெயர் ஜெகபர் அலி. வயது அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருஷம் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கந்தூரி, கட்சிக் கூட்டம் என்று இந்தப் பக்கத்தில் என் குழாய் கட்டாத மரம் இருக்காது. எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள், "பாய், கொஞ்சம் எக்கோ தூக்கி விடுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடுகிறவன் தொண்டையில் இல்லாததை என் பெட்டி ஏன் சேர்க்க வேண்டும்? உள்ளதை உள்ளபடி கொடு, அவ்வளவுதான் வேலை. இதற்காகவே பாதிப் பேர் வேறு செட்டுக்குப் போய்விட்டார்கள்.

என் மனைவி ஹமீதா பானு பாடுவாள். என் முன்னால் பாட மாட்டாள், வெட்கம். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து மணப்பெண்ணுக்கு வாழ்த்துப் பாடுவாள். அவள் தங்கை கல்யாணத்தன்று, மெட்ராஸிலிருந்து ஒரு டிஜிட்டல் டேப் மெஷினை இரவல் வாங்கிவந்து, திரைக்குப் பின்னால் மைக்கை வைத்தேன். அவளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு நிமிடம் பாடினாள். பத்தொன்பதாவது நிமிடத்தில், கடைசி அடிக்கு முன்னால், ஒரு மூச்சு இழுப்பாள். நீளமான மூச்சு. அதன் நுனியில் ஒரு சிரிப்பு தொடங்கும், ஆனால் வெளியே வராது. அந்த மூச்சுக்காகத்தான் நான் இத்தனையும் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. போன வருஷத்திலிருந்து படுத்த படுக்கை. மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கை தூக்க வராது, விரல் மட்டும் அசையும். அதே சமயத்தில் என் காதும் போக ஆரம்பித்தது. "ஆயுசு பூரா குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னிருக்கீங்க. இன்னும் ஆறு மாசத்துல மெல்லிய சத்தமெல்லாம் கேக்காது" என்றார் காது டாக்டர். பயந்துவிட்டேன், சார். காது போவது பற்றிப் பயமில்லை. அந்த மூச்சை ஒரே ஒரு தடவை சுத்தமாகக் கேட்காமல் போய்விடுவேனோ என்று பயந்தேன்.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கம்ப்யூட்டர் விடாது. டேப்பிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த அந்தப் பதிவில் ஒலியெல்லாம் எண்கள்தான், நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு எண்கள். கம்ப்யூட்டர் அதை வாங்கி, தன் வசதிக்கு நாற்பத்தெட்டாயிரமாக மாற்றும். போகிற வழியில் மெயில் வந்த சத்தம், மற்ற சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும். கேட்பவனுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று தானாகவே மெருகு வேறு பூசும். யார் கேட்டார்கள் மெருகை? எண்களை வாங்கி ஒலியாக்குகிற ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். அதில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் மாற்றிய எண், நீலம் எரிந்தால் அசல் எண். நாலு மாதம் பச்சையேதான் எரிந்தது. எந்த மென்பொருளைப் போட்டாலும் பச்சை. சோறு இறங்கவில்லை எனக்கு. ஒரு நாள் அந்த மேஜையில் தலையை வைத்து அழுதிருக்கிறேன்.

கடைசியில் கண்டுபிடித்தேன். பாட்டுப் போடுகிற மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் ஒலி போகிற வழி முழுதும் அந்த ஒரு பாட்டுக்கே சொந்தம். வேறு எந்தச் சத்தமும் உள்ளே நுழையாது. அப்படித்தான் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. படித்தேன். டிக் போட்டேன். நீலம் எரிந்தது.

இங்கேதான் பெல் வருகிறது. என் காது மந்தம் என்று என் மகள் நுஸைபா சார்ஜாவிலிருந்து வந்தபோது ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். ஹமீதாவின் விரலுக்கடியில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் என் கம்ப்யூட்டரில், பாட்டு வருகிற அதே பெரிய ஸ்பீக்கரில், மணி அடிக்கும், திரையிலும் ஒரு சின்னச் சதுரம் வரும். "அத்தா, நீங்க எந்நேரமும் அங்கதான உக்காந்திருக்கீங்க. அதுலயே கேக்கட்டும்" என்றாள். புத்திசாலிப் பெண். ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் அடித்தால் மூக்குக் குழாய் நழுவிவிட்டது என்று அர்த்தம். இந்த முறையை ஹமீதாவே சொல்லிக் கொடுத்தாள்.

அவளுக்கு அந்தப் பதிவின் மேல் பொறாமை, சார். தன் குரல் மேலேயே. நான் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பும்போது மூச்சு வாங்க வாங்கக் கேலி செய்வாள். "போங்க, போங்க. பொட்டிக்குள்ள ஒருத்தி காத்திருக்கா. கட்டில்ல கெடக்குறவ கூப்பிட்டா மட்டும் ஒங்களுக்குக் காது கேக்காது." நானும் சிரிப்பேன். அவள் பேசப் பேசத் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அது அவள் குரலே இல்லை என்று தோன்றும்.

தை மாதம், வீட்டுக்குப் பின்னால் சம்பா அறுவடை. பத்து நாளாக அறுவடை மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பதினோராவது நாள் மத்தியானம் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. குளிர் நாள், ஃபேன் வேண்டாம். இப்படி ஒரு அமைதி இனி எப்போது வாய்க்கும்? அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற மர்யம் மூன்றே முக்காலுக்குச் செருப்பை மாட்டினாள். இன்னும் ஒரு மணி நேரம் இரும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இருந்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், பேச்சு சுவர் தாண்டி வரும். "போய்ட்டு வாம்மா" என்றேன்.

இரண்டு கதவையும் சாத்தினேன். டிக் போட்டேன். நாலு மணி இரண்டு நிமிடத்துக்குப் பாட்டு தொடங்கியது. நீலம். சார், திரை விலகியது மாதிரி இருந்தது. அவள் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் ஏதோ குழந்தை விரல் சூப்புகிற சத்தம் கூடக் கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன்.

நாலு பதினொன்றுக்குத் திரையின் மூலையில் முதல் சதுரம் வந்தது. மணி அடிக்கவில்லை. அடிக்க முடியாது, நான் டிக் போட்டிருந்தேன். தண்ணீராக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. அப்புறம் விடாமல் வந்தது. மொத்தம் பதினான்கு. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருக்கிறேன், நேரம் எல்லாம் அதில் பதிந்திருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாலும் ஒரு எண் கூட மாறாது, விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிறவன் மாறிவிடுவான். அந்தக் கரகரப்பைக் கேட்டுவிட்டு, குழாயை மாட்டிவிட்டு, அந்த முகத்தோடு திரும்பி வந்தால் எனக்கு அந்த மூச்சு அப்படிக் கேட்காது. இன்னும் எட்டு நிமிடம்தானே என்று நினைத்தேன். குழாய் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிச் சதுரம் நாலு இருபதுக்கு. மூச்சு வந்தது நாலு இருபத்தொன்றுக்கு. கேட்டேன், சார். முழுதாகக் கேட்டேன். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்று கேட்டேன்.

நாலு இருபத்துநாலுக்குப் பாட்டு முடிந்தது. திரையில் புதிதாக எதுவும் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் ஆள் வரும், அழுகை வரும், நாற்பது நாளைக்கு வீடு நிறையச் சத்தம் இருக்கும். அதனால் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டேன். நாலு நாற்பத்தாறுக்குத்தான் உள்ளே போனேன். குழாய் கழுத்துக்கடியில் கிடந்தது. அதை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டுத்தான் டாக்டருக்கு போன் செய்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அவரும் எழுதிக்கொடுத்தார்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். நாற்பதாம் நாள் பாத்திஹாவில் நுஸைபா எல்லாரிடமும் சொன்னாள், "அத்தா ஒரு நிமிஷங்கூட அம்மாவ விட்டு நகரல. கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருந்தாங்க." எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அது நடந்ததை மாற்றிச் சொல்வது. மெருகு பூசுவது. நான் ஆயுசு முழுக்க அதைச் செய்ததில்லை.

அவளை நான்தான் கொன்றேன். இதை அப்படியே எழுதுங்கள். கம்ப்யூட்டரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் இருக்கிற டிக்கை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம். கடைசியாக ஒன்று. முப்பத்தெட்டு வருஷத்தில் ஹமீதாவின் குரலுக்கு என்னைப்போல் காது கொடுத்தவர் யாருமில்லை, சார். இதையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.