முதல் நாள் மட்டும் மக்கு

காவல் ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பிசியோ மிஸ்ஸிடம் மட்டும் காட்டுங்கள், அதுவும் நாளைக் காலை இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால். என் அக்காவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

மற்றவர்களிடம் நீங்கள் எழுதி வாங்கிய வரிசையிலேயே எழுதுகிறேன். பெயரைக் கடைசியில் கையெழுத்தாகப் போடுகிறேன். அணியில் என்னை அரிச்சந்திரி என்று கூப்பிடுவார்கள். வயது பதினைந்து. தகப்பனார் லாரி ஓட்டுநர், வெளியூர் போயிருக்கிறார். தாயார் சலவை ஆலையில் இரவுப் பணி. முகவரி, தையல் கடைக்கு மேலே முதல் மாடி. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம்.

நான் எங்கள் பள்ளி ரக்பி அணியில் ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரி. என் அக்கா அணித்தலைவி. இந்த ஆட்டத்தில் பந்தோடு ஓடுகிறவளை மடக்கித் தரையில் சாய்ப்பார்கள் என்பதால் தலையில் அடிபடுவது உண்டு. ஆகவே ஆண்டுதோறும் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே, எங்கள் காயங்களைக் கவனிக்கும் பிசியோ மிஸ் ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்துச் சோதிப்பார். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். அதன் பிறகு அந்த ஐந்து சொற்களையும் திருப்பிக் கேட்பார். அதன் பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பின்னால் யாருக்காவது அடிபட்டால் வேறு சொற்களை வைத்து அதே சோதனையைச் செய்து, முதல் நாள் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார். குறைந்திருந்தால் மூளை அதிர்வு என்று ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்.

இந்த ஆண்டு அந்தச் சோதனைக்குச் சற்று முன் உடை மாற்றும் அறையில் அக்கா எங்களைக் கூட்டி வைத்து, போன வருடத்துப் பெரிய பிள்ளைகள் தனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தையை எங்களுக்குச் சொன்னாள். "முதல் நாள் மட்டும் மக்கா இருங்கடி. அப்புறம் எவ்வளவு அடிபட்டாலும் மார்க் குறையாது. கடைசி வரைக்கும் ஆடலாம்." நாங்கள் வண்டு என்று கூப்பிடும் தோழி, "நான் நடிக்கவே வேண்டாம் தலைவி. கணக்குப் பரீட்சைத் தாளைக் காட்டினாலே போதும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய், இரண்டு சொற்களுக்கு மேல் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது வண்டு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு விழுந்தாளாம்.

நானும் தப்பாகச் சொல்லத்தான் போனேன். ஆனால் பிசியோ மிஸ் கேட்டதும் ஐந்தும் வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டன. தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. அரிச்சந்திரி என்ற பெயர் அன்று வைத்ததுதான்.

அதன் பிறகு ஓர் ஆட்டத்தில் என் தலை ஒருத்தியின் முழங்காலில் மோதியது. எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் சோதனையில் மூன்று சொற்களே வந்தன. ஐந்து மூன்றானதால் பிசியோ மிஸ் என்னை எடுத்துவிட்டார். அன்று வீட்டில் அக்கா, "உண்மை பேசினதுக்குப் பரிசு கிடைச்சுதா? பெஞ்சைத் தேச்சுக்கிட்டு உட்காரு" என்றாள். முதலில் ஓய்வு, அதன் பிறகு நடை, அதன் பிறகு மெதுவான ஓட்டம், அதன் பிறகு பந்து என்று பிசியோ மிஸ் என்னைப் படிப்படியாக விட்டு, மறுபடி ஐந்து சொற்களும் வந்த பிறகே ஆட அனுமதித்தார். இப்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தச் சோதனை வேலை செய்யும் என்பதற்கு நானே சாட்சி.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வண்டுவுக்கு முதல் பாதியில் அடிபட்டது. சோதனையில் இரண்டு சொற்கள் சொன்னாள். முதல் நாளும் இரண்டுதான் என்பதால் பிசியோ மிஸ் அவளை மறுபடி ஆட விட்டார். இரண்டாம் பாதியில் இன்னொரு முறை அடிபட்டு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய அப்பா பிசியோ மிஸ் மேல் புகார் கொடுத்தார்.

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கு வந்து, வேறு யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டபோது அக்காவின் காலணி என் காலணி மேல் ஏறி நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். அதன் பிறகு வாசலில் நீங்கள் என்னிடம் மட்டும், "சொல்லப் பயமா இருந்தா எழுதிக் கொடும்மா" என்றீர்கள்.

புதன்கிழமை பயிற்சியில் அக்காவுக்குத் தலையில் அடிபட்டது. சோதனையில் இரண்டு சொற்கள் சொன்னாள். முதல் நாளும் இரண்டு. தேறிவிட்டாள். அன்று இரவு அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை என்றேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்டாள். தலை வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "சனிக்கிழமை தேர்வாளருங்க வர்றாங்க. நான் ஆடினாத்தான் கல்லூரியில இடம். நீ வாயைத் திறந்தே, எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லன்னு வச்சுக்க" என்றாள்.

இன்று மாலை பிசியோ மிஸ்ஸும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். வண்டுவின் அம்மா முதலில் வாசலை மறித்து நின்றார், அதன் பிறகு வழிவிட்டார். வண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் பள்ளிக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பிசியோ மிஸ் விளையாட்டு போலச் சாவி, ஏணி, மேகம், சட்டை, எலுமிச்சை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு கதை பேசினார். அதன் பிறகு கேட்டபோது வண்டு ஐந்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். பிசியோ மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலையில அடிபட்டு ஞாபக சக்தி கூடினவளை இப்பத்தான்டி பாக்குறேன்" என்றார். வண்டு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிசியோ மிஸ் அறைக்கு வெளியே நடைக்கூடத்திலேயே நின்று தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் பேசினார். முதல் நாள் மதிப்பெண்களை நம்ப முடியாது, நாளை அணித்தலைவியை ஆட விட வேண்டாம் என்றார். விசாரணையில் இருக்கிறவர் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்ய முடியாது, பார்த்தவர்கள் யாராவது சொல்லட்டும் என்று பதில் வந்தது. அதன் பிறகு மிஸ் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன். பிசியோ மிஸ் ஏமாற்றப்பட்டார். அவர் மேல் வழக்கு வேண்டாம், அக்கா மேலும் வேண்டாம், அம்மா. நாளைக்கு அவளை உட்கார வைத்தால் போதும். ஓய்வெடுத்தால் எனக்குச் சரியானது போல அவளுக்கும் சரியாகிவிடும், தேர்வாளர்கள் அடுத்த வருடமும் வருவார்கள். எல்லோரையும் மறுபடி முதலிலிருந்து சோதிக்கச் சொல்லுங்கள். இந்த முறை ஐந்தும் சொல்வார்கள். வண்டுவைப் பார்த்த பிறகு ஒருத்தியும் மக்காக இருக்க மாட்டாள்.

இதில் எழுதியவை எல்லாம் நான் என் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும்தான், நாற்காலி விழுந்தது உட்பட மற்றவர்களின் சோதனையில் நடந்தவை மட்டும் அவரவர் சொல்லக் கேட்டவை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை என்று உறுதி கூறிக் கீழே கையெழு

கதவைத் தட்டுகிறாள். அக்காதான்.

"திறடி. அந்த விளக்கை அணைச்சிட்டுத் திற, கண்ணு கூசுது. என்னால படுக்க முடியல. தலை ரொம்ப வலிக்குதுடி."

ஆய்வாளர் அம்மா, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளே சொன்னாள். நான் திறக்கப் போகிறேன்.