உரிஞ்சது டிஸ்ப்ளேதான்

"ஹலோ... ஆ, சொல்லுங்க காக்கா... வஅலைக்குமுஸ் ஸலாம்... கேக்குது, கேக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கை ஈரமா இருக்கு... இல்ல, சமையல் எல்லாம் உம்மா முடிச்சிட்டாக. கேமராவத்தான் தொடச்சிக்கிட்டு இருக்கேன்... ஆமா ஆமா, உங்க கேமராதான். உங்ககிட்ட இருந்து வாங்குன கேமரா. இப்ப ஏங் கேமரா."

ஜஸீலா அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் தரையில் கிடந்தது, கேமரா மடியில். அதன் பின்பக்கத் திரையில் மேல்பூச்சு ஓரமெல்லாம் உரிந்து, மீன் செதிள் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. கூப்பிட்டவர் சதக், அவள் அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று அழைக்கிறவர். கீழக்கரையில் கல்யாணம் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ஸ்டுடியோ அவருடையது. அவர் கடையில் பல வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்தவள் ஜஸீலா. கேமராவைக் கையில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவரேதான். நோன்புக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தபோது, கடை அலமாரியில் சும்மா கிடந்த இந்தப் பழைய கேமராவை அவரிடமே விலை பேசி வாங்கி வந்திருந்தாள்.

ஜஸீலா அக்கா முறை வைத்து 'லாத்தா' என்று கூப்பிடும் ஹமீதா பானு வீட்டில் நாளைக்குக் கல்யாணம். பெண்கள் பக்கத்துப் படம் முழுக்க ஜஸீலாவின் பொறுப்பு. தன் பேரில் அவள் எடுக்கப்போகிற முதல் கல்யாணம் அது. இன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்கு மேல் மருதாணி.

"என்ன காக்கா, திடீர்னு இம்புட்டு அக்கறை?... ம்... ம்... டிஸ்ப்ளே உரியுதுதான், இல்லங்கல... ஆமா, முந்திக்கு இப்ப கூடத்தான் உரிஞ்சிருக்கு... திரும்ப எடுத்துக்கிறியளா?... ஏன்?... மனசு கேக்கலையா! உங்களுக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இல்ல இல்ல, கேலி பண்ணல. சொல்லுங்க... ம்... புதுக் கேமராவ நீங்களே தாரியளா? அந்தக் கறுப்பு, பெருசா இருக்குமே, அதா?... லென்ஸோடயா?..."

ஜஸீலாவின் கை நின்றது. அந்தக் கேமராவை அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேர் அதில் எடுத்து வந்த படங்களை அவள் கம்ப்யூட்டரில் திருத்தியிருக்கிறாள். இருட்டு அறையிலும் முகத்தை மெழுகு மாதிரி வடித்துக் கொடுக்கும். இதிலோ நேற்று முற்றத்து வெயிலில் எடுத்துப் பார்த்தபோது திரையில் எது பூச்சுத் திட்டு, எது அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகம் என்றே பிரித்தறிய முடியவில்லை. நாளைக்கு அத்தனை பெண்கள் நடுவே நின்று திணறப் போகிறோமோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டுதான் இருந்தாள்.

"...அதுக்குப் பதிலு நான் என்ன செய்யணும்?... ம்... உங்க ஸ்டுடியோ பேர்ல எடுக்கணும்... படத்த எல்லாம் கடையில கொண்டாந்து ஏத்தணும்... ஆல்பம் அங்கனயே... ம்ம். அப்புடி வாங்க வழிக்கு."

தரையில் கிடந்த ஈரத்தாள் ஒன்றை உருவி, திரையின் மூலையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு செதிள் நெகிழ்ந்து சுருண்டு வந்தது. அடியில் கண்ணாடி பளிச்சென்று கீறல் இல்லாமல் இருந்தது.

"அட! காக்கா, வருது!... பூச்சுதான், வேற என்ன? நல்லாத் தேச்சா கழண்டு வருது. அடியில கண்ணாடி சுத்தமா இருக்கு... ஏன், ஏன் தேய்க்கக் கூடாது?... தேச்சா நீங்க திரும்ப எடுக்க மாட்டியளா? வாங்குனது வாங்குன மாதிரியே இருக்கணுமா?... சரி. அப்பச் சரி. இந்தா, இன்னொரு பக்கம். கேக்குதா சத்தம்?... இல்ல, கேமராவுக்கு வலிக்காது. கத்தாதீங்க, உம்மா தூங்குறாக."

அவள் நிறுத்தவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள், ஈரத்தாளால் இழுத்தாள், முந்தானையால் துடைத்தாள். கறுப்புத் தூளாகப் பூச்சு உதிர்ந்து மடியெல்லாம் விழுந்தது. ஒவ்வொரு திட்டு போகும்போதும் திரும்பிப் போகிற வழி ஒன்று அடைபடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்துதான் தேய்த்தாள்.

"என்னது, ஃபங்கஸா?... காக்கா, யாருகிட்டப் பேசுறிய? ஃபங்கஸ், பூஞ்சக் காளானு, வந்தா லென்ஸுக்குள்ள வரும். லென்ஸ் சுத்தமாத்தான் இருக்கு. இது வெளித்தோலு. படத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? விக்கும்போது நீங்கதான சொன்னிய, 'டிஸ்ப்ளே மட்டுந்தாம்மா செதிளு, படம் கண்ணாடி மாதிரி வரும்'னு? விக்கும்போது ஒரு நாக்கு, வாங்கும்போது ஒரு நாக்கா?... ம்... ம்... யாரு யோசிக்கிறாக?... ஹமீதா பானு லாத்தாவா?..."

குரல் சட்டென்று இறங்கியது.

"அவுக யோசிக்கிறது உங்களுக்கு எப்புடித் தெரியும்?... இல்ல, சொல்லுங்க. எப்புடித் தெரியும்?... காலையில போனியளா? அவுக வீட்டுக்கா?... சும்மா விசாரிக்கப் போனியளா. போயி, எங் கேமரால ஃபங்கஸ் புடிச்சிருக்கு, கல்யாணப் பொண்ணு மூஞ்சியில கரும்புள்ளியா விழும்னு சும்மா சொல்லிட்டு வந்தியளா?... அப்புடிச் சொல்லலையா? அப்ப எப்புடிச் சொன்னிய?... வாயத் தொறங்க காக்கா!... ஹலோ?"

அந்த நேரம் பார்த்து வேறொரு அழைப்பு வந்து இடையில் மணியடித்தது. போன் திரையில் ஹமீதா பானுவின் பெயர். எதற்காக என்று கேட்கவே வேண்டாம். வேண்டாம் என்று சொல்லத்தான். ஜஸீலா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"வச்சிறாதீங்க. லைன்லயே இருங்க. அவுகதான் கூப்புடுறாக... ஏன் வேணாம்? நீங்க சொன்னதத்தான மூணு பேரும் சேந்து பேசப் போறோம்? கான்ஃபரன்ஸ் போடுறேன்."

போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா... நல்லா இருக்கேன். லாத்தா, முன்கூட்டியே சொல்லிர்றேன், சதக் காக்காவும் லைன்ல இருக்காக. நீங்க பேசுறது அவுகளுக்கும் கேக்கும்... ஆமா, இப்பத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்... ம்... ம்... சொன்னாகளாம். கேள்விப்பட்டேன்... நீங்க பயப்படுறது நியாயந்தான், ஒரே மக கல்யாணம். நான் ஒங்க எடத்துல இருந்தாலும் கேப்பேன். டிஸ்ப்ளே உரிஞ்சிருந்தது உண்மை. அத இப்பத்தான் முழுசாத் தொடச்சு எடுத்துட்டேன். அது நான் பாக்குற சன்னலு. சன்னல்ல தூசி இருந்தா வெளிய இருக்குற ஆளு அழுக்காயிருவாங்களா?... காக்கா, ஃபங்கஸ் எங்கன இருக்குன்னு இப்ப லாத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க... சொல்லுங்க, கேக்குறாகள்ல... ம்?... பேச்சக் காணோம் லாத்தா."

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் வந்தது. அது யாருடையது என்று ஜஸீலாவுக்குத் தெரியும்.

"ஆ, சொல்லுங்க லாத்தா... அவுக கடைய விட்டு ஏன் வந்தேனா?... அது... அது இன்னொரு வீட்டுப் புள்ள விஷயம் லாத்தா. பேரு சொல்ல மாட்டேன். நீங்க கேக்கக் கூடாது... இல்ல, காக்கா இருக்காகன்னு இல்ல. அவுக முன்னாடியே சொல்றேன். ஒரு புள்ள, தலை தொறந்து, பூ வச்சு, பொம்பளைங்க மட்டும் இருக்கும்போது எடுத்த படம். அது கடை விளம்பரத்துல வந்துச்சு, போன்ல. அந்தப் புள்ளைகிட்ட கேக்கல, அவ வீட்டுல கேக்கல. விளம்பரத்துல இருந்து எடுங்கன்னு சொன்னேன், எடுக்கல... காக்கா, கொஞ்சம் இருங்க, நான் பேசி முடிச்சுக்கிறேன்... படம் நல்லா வந்திருந்துச்சுதான். அதுக்காக? அது அமானிதம் காக்கா! நம்பி ஒப்படைச்சது!... கத்துங்க, நல்லாக் கத்துங்க, லாத்தாவுக்கும் கேக்கட்டும்."

இதை வெளியே சொன்னது இன்றைக்குத்தான். ஊரில் அவள் வேலையை விட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னபோதும் வாய் திறக்காமல் இருந்தவள்.

"...ம். சொல்லுங்க லாத்தா... ரெண்டு பேரும் சேந்து வரணுமா?... அவுக கேமரா, அவுக பேரு, நான் போட்டோ மட்டும் எடுக்கணும்... உங்களுக்கு மனசு தெளிவா இருக்கும், புரியுது..."

இது அவள் நினைக்காத திருப்பம். ஹமீதா பானு நல்ல மனுஷி. யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவள். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று பார்க்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஜஸீலா மடியில் கிடந்த கறுப்புத் தூளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏலாது லாத்தா... கோவம் இல்ல. வல்லாஹி, கோவம் இல்ல. ஆனா ஏலாது. என்னையக் கூப்புட்டா என் பேர்ல கூப்புடுங்க, இந்தக் கேமராவோட வாரேன். இல்லன்னா, நாளைக்கு விருந்தாளியா வந்து சோறு தின்னுட்டு, புள்ளைக்கு துஆ செஞ்சுட்டுப் போறேன். மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டேன். படம் அந்தக் கடைக்குப் போறதுக்கு மட்டும் நான் உடந்தையா நிக்க மாட்டேன்... ம்... ம்... யாரு? லாமியாவா? பொண்ணுகிட்டயா குடுக்குறிய? குடுங்க."

கல்யாணப் பெண்ணோடு ஜஸீலா ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறாள். அதிகம் பேசாத பெண் என்று நினைத்திருந்தாள்.

"சொல்லும்மா... ம்... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தியா?... என்ன கேக்குற?... படத்த யாரு யாரு பாப்பாகளா?... நான் பாப்பேன். அப்புறம் நீ பாப்ப. நீ பாத்து, இது போதும், இது வேணாம்னு சொன்ன பெறகுதான் உங்க உம்மாவுக்கே காட்டுவேன். ஆல்பத்த நானே வீட்டுல வச்சு செய்வேன். அச்சுக்குப் போற எடத்துக்கும் கூடவே போயி நின்னு வாங்கிட்டு வருவேன்... ஆமா, பொறுப்பு என்னுது... இல்லம்மா, எடுத்த ஒடனே கேமரா டிஸ்ப்ளேல பாத்தா பெருசாத் தெரியாது. பூச்சு போயிருச்சுல்ல, வெளிச்சம் பட்டா கண்ணாடி மாதிரி நம்ம மூஞ்சியத்தான் காட்டும். பொய் சொல்ல மாட்டேன்... என்ன?... சிரிக்கிறியா?... அப்ப?... வரவா?... உம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்லு... நீயே சொல்றியா! அவுக முன்னாடியேவா?... லாத்தா, உங்களுக்கு?... ம்... ம்... சரி லாத்தா. சரி. அஸர் தொழுதுட்டு வந்திர்றேன். இன்ஷா அல்லாஹ்... அழுகாதீங்க லாத்தா, நல்ல நாளும் அதுவுமா... ஆ, வைங்க."

ஹமீதா பானுவின் பெயர் திரையிலிருந்து போனது. ஜஸீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சதக்கின் பெயர் அப்படியே நின்றது.

"காக்கா?... இன்னும் இருக்கியளா?"

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க... ம்... ஆமா, நீங்கதான் கத்துக் குடுத்திய. ஃபோகஸ் வைக்கத் தெரியாம முழிச்சப்ப பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான். மறக்கல. யாரு கேட்டாலும் உங்க பேரத்தான் சொல்வேன். அதுக்காகக் கண்ண மூடிக்கிட்டு இருக்கச் சொன்னா எப்புடி?... ம்... அவமானமா? லாத்தாவுக்கு இப்பத்தான் தெரியும். அந்தப் புள்ளைக்கு எம்புட்டு நாளா இருக்கும்?... ம்..."

அவர் வெகுநேரம் பேசினார். குரலில் முன்பிருந்த சூடு இல்லை. ஜஸீலா குறுக்கிடாமல் கேட்டாள்.

"...அந்தப் படத்த விளம்பரத்துல இருந்து எடுத்திர்றியளா? நெசமாவா?... எப்ப?... இப்பவேவா? நல்லது காக்கா. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்... என்ன?... எடுத்துட்டா நான் திரும்பிக் கடைக்கு வருவேனா?..."

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். அவள் கேமராவின் பேட்டரியைக் கழற்றி எடுத்தாள்.

"இல்ல காக்கா. வர மாட்டேன்... அது வேற, இது வேற. அந்தப் படத்த எடுக்கச் சொன்னது அந்தப் புள்ளைக்காக. அதுக்கு என்னைய விலையா வைக்காதீங்க... எடுங்க. நான் வந்தாலும் வராட்டியும் எடுங்க... ம்... நேரமாகுது, பேட்டரி சார்ஜ் போடணும். வைக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.