கடைசி இரண்டு கோப்பைகள்

திராட்சைரசத்தைக் காய்ச்சினால் ஆறவிட்டுத்தான் வடிக்க வேண்டும் ஐயா. சூட்டோடு வடித்தால் கலங்கிப்போகும். உட்துறைமுக வீதியில் இருக்கும் எங்கள் சிறிய சபையில் திருவிருந்துக்கு ரசம் செய்வதும், அதைச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றித் தட்டை நீட்டுவதும் பல வருடமாக என் பொறுப்பு. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

என் மகன் யோவேலும் சாரங்கனும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். சாரங்கன் சல்லி என்ற ஊர்ச் சைவப் பிள்ளை. என் மகன்தான் அவனைச் சபைக்குக் கூட்டிவந்தான். கார்த்திகைக் கடலில் இருவரும் போனார்கள், சாரங்கன் மட்டும் திரும்பி வந்தான். முதல்நாள் இருவரும் வாய்த்தர்க்கப்பட்டதை நான் என் காதால் கேட்டிருந்தேன். கடற்படை தேடியது. உடல் கிடைக்கவில்லை.

“அன்ரி, அலை அடிச்சுத்தான் விழுந்தவன். நான் கையை நீட்டினனான். எட்டேல்லை,” என்றான் சாரங்கன். எத்தனை தரம் கேட்டாலும் அதே கதை. உங்கள் பொலிஸ் ஆட்களும் விசாரித்துவிட்டு அவனை விட்டுவிட்டார்கள். போதகர் கனகரத்தினத்திடம் போய் அழுதேன்.

“தீர்ப்பு கடவுளின்ரை வேலை அக்கா. அந்த நாள் வரைக்கும் பொறுங்கோ,” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. மகனின் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாலும் நித்திரை வரவில்லை. கொன்றானா, இல்லையா? அது தெரியாமல் இன்னொரு ஞாயிறு அவனோடு ஒரே கூரையின் கீழ் நின்று பாடினால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

வேதத்தைப் புரட்டினேன். தகுதியில்லாமல் அந்தப் பாத்திரத்தில் குடிப்பவன் தன் தண்டனையையே குடிக்கிறான் என்று ஓரிடத்தில் இருக்கிறது. விசுவாசி நஞ்சைக் குடித்தாலும் அது அவனை ஒன்றும் செய்யாது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நாளைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

சாரங்கன் எப்போதும் கடைசி வாங்குப் பலகையில்தான் இருப்பான். தட்டில் எல்லாரும் எடுத்தபிறகு மிஞ்சுவது அவனுடைய கோப்பையும் என்னுடையதும். கிளிவெட்டியில் தங்கச்சி வீட்டிலிருந்து எடுத்துவந்த வயல் மருந்தை இரண்டிலும் கலந்தேன். பக்கச்சார்பு இருக்கக்கூடாது பாருங்கள்.

“நல்லா மெலிஞ்சு போனீங்கள் அன்ரி,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு எடுத்துக் குடித்தான்.

பாட்டு முடிவதற்குள் வாங்குக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தான். என் பக்கம் கையை நீட்டினான். எட்டவில்லை.

நான் கொல்லவில்லை ஐயா. கேட்டேன், பதில் வந்தது. ஆனாலும் நித்திரை மட்டும் இன்னும் வரவில்லை. அது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் திருவிருந்து எடுக்கக்கூடாது என்பது எங்கள் சபை ஒழுங்கு. எனக்குச் சாரங்கன்மேல் கோபம் இருந்தது. ஒழுங்கை மீற மனம் வரவில்லை. என் கோப்பையில் இருந்ததைப் பின்பக்க மண்ணில் ஊற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த மாதம் அதில் ஒரு பாவமும் அறியாத யாராவது குடித்தால் செத்துப்போவார்கள் அல்லவா.