சீவு பலகையின் திருகைத் தொட்டது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறை உரிமையாளர் அவர்களே, தச்சர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, பாதி வேலையில் எழுந்து மரத்தூள் படிந்த சட்டையோடு வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர் அவர்களையும் வணங்குகிறேன். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நம் தலைமைத் தச்சர், அரை நூல் அண்ணன், போய்விட்டார்! தச்சு தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: நூல் என்பது எங்கள் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் மரத்தைத் திருப்பி அனுப்புவார் என்பதால் வந்த பெயர் அது.

அவருடைய சீவு பலகையைப் பார்க்காதவர் இந்த மன்றத்தில் உண்டா? மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும் பலகை. அதன் மேல் ஒரு தடுப்புக் கட்டை. கட்டையோடு மரத்தை அணைத்துப் பிடித்துப் பக்கவாட்டில் இழைப்புளியை ஓட்டினால் முனை வழவழவென்று வரும். நாங்களெல்லாம் அந்தக் கட்டையை ஆணி அடித்து நிறுத்தினோம். அண்ணன் என்ன செய்தார்? ஒரு முனையில் அச்சும் மறுமுனையில் நீள்துளையும் திருகும் வைத்து, வேண்டிய கோணத்துக்கு நகரும்படி செய்தார்! அப்படி எட்டுப் பலகை செய்து எட்டுப் பேருக்குக் கொடுத்தார். தன் பலகையை மட்டும் யாரும் தொடக்கூடாது. கேட்டால், "பல்லு தேய்க்கிற பிரஷை யாராவது கடன் கேப்பானா? இதுவும் அப்படித்தான்" என்பார்.

இனி அந்த நூலக வேலைக்கு வருகிறேன். அதைப் பேசாமல் இறங்கினால் நான் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு பழைய நூலகத்தில் இரண்டு சுவருக்கு நடுவே அலமாரி. அதன் நாற்பது முகப்புச் சட்டங்களை அண்ணன் ஒரே நாளில் சீவி அனுப்பினார். பொருத்திப் பார்த்தால் நாற்பதிலும் இடது முனையில் தீக்குச்சி நுழையும் இடைவெளி! நாற்பதும் திரும்பி வந்தன.

"கண்ணு போச்சு" என்றார்கள். முப்பது வருடம் நின்ற மேசையிலிருந்து அவரை எடுத்து, கீல்களைப் பிரித்து அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் மேற்பார்வையாளர். அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "என் கண்ணு போகல. என் பலகையில யாரோ கை வச்சிருக்காங்க." யார் நம்பினோம்? ஒருவரும் நம்பவில்லை. அவர் மாரடைப்பில் போன பிறகு எல்லாரும் நம்பினோம். எல்லார் பார்வையும் ஒரே ஆள் மேல் போனது. பட்டறைச் சாவி அவரிடம்தானே? இயந்திரம் வாங்க வேண்டும் என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றவர் அவர்தானே?

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி என்னிடம் சொன்னார்: "தம்பி, கடைசி வரைக்கும் அவரு அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

தேடினேன். சந்தேகப்பட என்னைவிடத் தகுதியான ஆள் யார்? புதிதாக வாங்கிய அளவுகோலை இன்னொரு அளவுகோல் வைத்துச் சரிபார்ப்பவன் நான். மேற்பார்வையாளரைச் சந்தேகப்பட்டேன். பாலிஷ் போடுகிறவரைச் சந்தேகப்பட்டேன். உரிமையாளர் அவர்களே, மன்னியுங்கள், உங்களையும் விட்டுவைக்கவில்லை.

போன வாரம், அண்ணியின் அனுமதியோடு அண்ணனின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். உளிகளுக்கு அடியில், துணியில் சுற்றிய ஒரு மெல்லிய குச்சி. அதன் முனை சற்றே சாய்வாகச் சீவியிருந்தது. மேலே பென்சிலில் அவர் கையெழுத்து: 'நூலகம், இடது சுவர், அரை நூல் சாய்வு.' தோழர்களே, அந்தச் சுவரே நேராக இல்லை! அண்ணன் தானே போய் அளந்து வந்திருக்கிறார். சுவருக்கு ஏற்றபடி கட்டையையும் சாய்த்துத் திருகை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒருமுறை இறுக்கியதை அவர் மறுபடி சோதிக்கமாட்டார். அது அவர் பழக்கம். யாரும் கேட்காததால் இந்தக் குச்சியை அவர் எடுத்துக் காட்டவும் இல்லை.

அவர் அப்படி இறுக்கிவிட்டுப் போன மறுநாள் காலை, அவர் வருவதற்கு முன்பே பட்டறைக்கு வந்தவன் நான். அவர் பலகையில், செங்கோணம் பார்க்கும் என் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கட்டை அரை நூல் சாய்ந்திருந்தது. ஐயோ, அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டதே என்று பதறினேன். திருகைத் தளர்த்தி, கட்டையை நேராக்கி, இறுக்கினேன். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு டீ குடிக்கப் போனேன்! சட்டங்கள் திரும்பி வந்தபோது அவர் கண்ணைத்தான் குறை சொன்னேன்; அவர் போன பிறகோ, நான் சரிசெய்ததை வேறு எவனோ கலைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு என் கைமேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

அண்ணி, நீங்க கேட்டீங்களே. அது நான்தான் அண்ணி.

மேற்பார்வையாளர் தம்பி, முன்னால் வந்து உட்காருங்கள். இந்தப் பழி உங்களுடையது அல்ல. சங்கத் தலைவர் அவர்களே, இன்றைய கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்: அரை நூல் அண்ணனின் கண் கடைசி நாள்வரை தவறவில்லை!

அந்த நூலகத்தில், திரும்பி வந்த அதே சட்டங்களை மறுபடி பொருத்தி, இடைவெளிகளை மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல், அண்ணனின் பலகையில், அவர் வைத்த சாய்வில், நாற்பது சட்டங்களையும் புதிதாகச் சீவி என் கையால் பொருத்துவேன். அண்ணியும் மகளும் வந்து சுவர் ஓரத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்க்க வேண்டும். அது நுழைந்தால் நான் இனி உளியைத் தொடமாட்டேன்.

இன்னொன்றும் உறுதி சொல்கிறேன். இந்தப் பட்டறையில் இனி யார் வேலையில் எனக்குச் சந்தேகம் வந்தாலும், அவரிடமே போய்க் கேட்பேன். அன்று அண்ணன் வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். நாலு சொல் கேட்டிருந்தால் போதும்.

"அண்ணே, கட்டை ஏன் சாஞ்சிருக்கு?"